பந்து திரும்பி வந்த ராத்திரி

ராத்திரி 11.40. கறுப்புத் திரையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் வலது ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு குட்டி வெள்ளைக் கோடு நிற்கிறது. அதுதான் மட்டை. இதற்கு முன்னால் ஐம்பது தடவையாவது அந்தச் சதுரம் மட்டைக்குள்ளேயே புகுந்து அந்தாண்டை போய்க் காணாமல் போயிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். போகுது, போகுது, மட்டையைத் தொட்டுச்சு, அய்யோ, திரும்பிருச்சுங்க! நான் எழுதின நாலு வரிக்குக் கட்டுப்பட்டு ஒரு பந்து என்னைப் பார்த்துத் திரும்பி வருது!

கத்திவிட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி பதறி எழுந்து ஓடி வந்தாள். "என்னாச்சுங்க, கரண்டு அடிச்சிருச்சா?" என்றாள். முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவனின் மனைவி வேறென்ன கேட்பாள்! "இல்ல புள்ள, பந்து திரும்பி வருது பாரு" என்றேன். என் கண்ணில் தண்ணீர் நின்றது. 56 வயதில், கோயம்புத்தூரில், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வெள்ளைச் சதுரத்துக்காக அழுதேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அந்தப் பந்தை என் கையில் கொடுத்த பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கடைக்குக் காயில் கட்ட வருகிறவர்களிடம் சொல்கிறேன், டீக்கடையில் சொல்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 வரிசையில் 2018ல் வந்த கேம் டெவலப்மென்ட் பாடம். நடத்துகிறவர் கோல்ட்டன் ஆக்டன் என்ற இளைஞர். காசு கிடையாது. சான்றிதழ் வேண்டாமென்றால் வீடியோவும் புரோகிராம் கோடும் வீட்டுப்பாடமும் எல்லாமே இலவசம்!

இதற்கு வந்து சேரும் முன் நான் அலைந்த அலைச்சல் பெரிசு. முதலில் ஊரிலேயே ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள், "பையனுக்கா சார்?" என்று. எனக்குத்தான் என்றதும் அவள் கை ஃபாரத்தின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு இணையத்தில் ஒரு பெரிய பாடத்தைத் தள்ளுபடியில் வாங்கினேன். அறுபது மணி நேரத்துக்கு மேல் வீடியோ. முதல் நாளே முப்பரிமாணக் காடு, மலை, மூடுபனி. அவர் க்ளிக் பண்ணுகிற இடத்தில் நானும் க்ளிக் பண்ணினேன், அவர் இழுத்த இடத்தில் நானும் இழுத்தேன். அழகான காடு வந்தது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு இலைகூட நான் செய்தது இல்லை. எது எதனால் அசைகிறது என்று ஒன்றும் தெரியாது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, எந்த ஸ்லாட்டில் எத்தனை சுற்று என்று எண்ணி, இன்சுலேஷன் பேப்பர் வைத்து, நானே சுற்றி, வார்னிஷ் அடித்து, ஸ்விட்சைப் போட்டதும் அது உறுமுகிற சந்தோஷத்தில் வாழ்ந்தவன் நான். மூடி திறக்காத டப்பா எனக்கு ஒத்துவராது.

இந்தப் பாடம் மூடியைத் திறந்து காட்டுகிறது! நினைத்துப் பாருங்கள், முதல் வகுப்பில் அந்த இளைஞர் ஒரு வெற்றுச் சன்னலைத் திறந்து நடுவில் "ஹலோ பாங்!" என்று எழுத்தை மட்டும் வரவைக்கிறார். அவ்வளவுதான். அடுத்த படியில் திரையை 432க்கு 243 என்று பழைய காலத்துக் கட்டம் கட்டமான திரை மாதிரி மாற்றுகிறார். அடுத்து மூன்று செவ்வகங்கள், இரண்டு மட்டையும் ஒரு பந்தும். அடுத்து மட்டை மேலே கீழே அசைகிறது. அடுத்து பந்து பறக்கிறது. பிறகு மோதல், ஸ்கோர், சர்வீஸ், பத்துப் புள்ளி எடுத்தவனுக்கு வெற்றி, அப்புறம் சத்தம். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஃபோல்டர். எங்கே தடுக்கி விழுந்தாலும் ஒரு படி மட்டும் பின்னால் போய் எழுந்து வரலாம். ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கமான ஒரே வகுப்பில் ஒரு முழு விளையாட்டு! எனக்கு அது பதினொரு ராத்திரி பிடித்தது. பதினொரு ராத்திரியும் தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாதிரி இருந்தது.

பாங் என்கிற இந்த விளையாட்டை யார் செய்தது தெரியுமா? 1972ல் அட்டாரி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன். எலெக்ட்ரிகல் என்ஜினியர். முதலாளி நோலன் புஷ்னெல் அதை விற்பதற்காகக் கொடுக்கவே இல்லை. பழகிக்கொள்ளட்டும் என்று கொடுத்த பயிற்சி அது! உள்ளே புரோகிராமே கிடையாது, முழுக்க முழுக்கச் சர்க்யூட். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் முதல் மெஷினை வைத்தார்கள். கொஞ்ச நாளில் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் பழுதே இல்லை, காசு விழுகிற பெட்டி நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. இதைப் படித்த அன்று நான் கடையில் ஒரு வேலையும் செய்யவில்லை. ஸ்க்ரூடிரைவரோடு பழுது பார்க்கப் போன ஒரு ஆள் பெட்டியைத் திறக்கிறார், சில்லறை கொட்டுகிறது! உலகத்தையே பைத்தியமாக்கின முதல் வீடியோ கேம், ஒரு புது ஆளுக்குக் கொடுத்த முதல் பாடம். அதே பாடத்தை இத்தனை வருஷம் கழித்து என் கையில் கொடுக்கிறார்கள் என்றால் புல்லரிக்காதா?

இன்னும் கேளுங்கள், அந்தப் பாடத்தின் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. பாங், பிறகு ஃப்ளாப்பி பேர்ட், பிரேக்அவுட், சூப்பர் மாரியோ, செல்டா, ஆங்ரி பேர்ட்ஸ், போக்கிமான், கடைசியில் யூனிட்டி என்ற மென்பொருளுக்குப் போய் போர்ட்டல் மாதிரி முப்பரிமாணம். வரிசை முன்னே பின்னே இருக்கும், ஆனால் பாருங்கள், இது என் ஆயுசு! பிரேக்அவுட் வந்தது 1976ல், நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலம். அந்த மாதிரி செங்கல் உடைக்கிற ஆட்டத்தைப் பொருட்காட்சியில் காசு போட்டு விளையாடியிருக்கிறேன், பந்து கீழே விழுந்ததும் கையில் வேறு காசு இல்லாமல் அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சூப்பர் மாரியோ 1985. என் தம்பி டிவியில் கேசட் செருகி விளையாடும்போது அந்த மீசைக்காரன் குதித்தால் எங்கள் அம்மாவும் சேர்ந்து தலையைத் தூக்குவாள். ஆங்ரி பேர்ட்ஸ் 2009, என் மகள் என் போனைப் பிடுங்கிக்கொண்ட காலம். ஃப்ளாப்பி பேர்ட் 2013, வியட்நாம்காரர் ஒருவர் தனியாளாகச் செய்தது. 20 வயதுப் பையனுக்கு இதில் பாதி சரித்திரம். எனக்கு ஒவ்வொன்றிலும் ஒரு முகம் இருக்கிறது, ஒரு கூடம் இருக்கிறது, கேசட்டை ஊதி ஊதிச் செருகின வாய்க்காற்று இருக்கிறது. வயசானவன் கற்றுக்கொள்ள லேட் என்று யார் சொன்னது? நாங்கள்தானே முன்னாலேயே வந்து வரிசையில் நின்றவர்கள்!

டெல்டா டைம் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. மட்டையின் வேகம் 200 என்று எழுதுகிறோம். விநாடிக்கு 200 புள்ளி நகர வேண்டும். ஆனால் திரை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை புதிதாக வரையப்படுகிறது என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். நல்ல மெஷினில் 60 தடவை, என் மகளின் கிழட்டு லேப்டாப்பில் சமயத்தில் 30. ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று நகர்த்தினால் பணக்காரன் வீட்டு மட்டை பறக்கும், என் வீட்டு மட்டை ஊரும். அதனால் என்ன செய்கிறார்கள்? போன தடவை வரைந்ததிலிருந்து இப்போது வரை எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கெடுத்து, அதால் 200ஐப் பெருக்குகிறார்கள். நேரம் அதிகமானால் பெரிய அடி, குறைந்தால் சின்ன அடி. விநாடி முடிவில் எல்லா மெஷினிலும் அதே 200! விநாடிக்கு 50 சுற்று ஓடுகிற கரண்டோடு ஆயுசு முழுக்கப் பழகினவன் நான். வோல்டேஜ் இறங்கினால் தோட்டத்து மோட்டார் திணறுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். எந்த மெஷினில் போட்டாலும் ஒரே வேகம் என்று கேட்டதும் வீடியோவை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் இருட்டில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஒரு பெருக்கல் குறிதான். அதற்குள் எவ்வளவு பெரிய நியாயம்!

மோதலும் அப்படித்தான். பந்து மட்டையைத் தொட்டதா என்று கேட்பதில்லை. பந்தின் இடது ஓரம் மட்டையின் வலது ஓரத்தைத் தாண்டிவிட்டதா, இல்லை மட்டையின் இடது ஓரம் பந்தின் வலது ஓரத்தைத் தாண்டிவிட்டதா, மேலே கீழே விலகியிருக்கிறதா என்று கேட்கிறோம். எதுவுமே இல்லையென்றால் தொட்டுவிட்டது என்று அர்த்தம்! தொட்டதும் பந்தைத் திருப்பி, வேகத்தை 1.03 ஆல் பெருக்கு. ஒவ்வொரு அடிக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு சூடேறும். எட்டாவது, பத்தாவது அடியில் நெஞ்சு படபடக்கிறதே, அது இந்த ஒரு எண்ணின் வேலை.

குறை இல்லையா என்றால், புரோகிராம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் நான் டேவிட் மாலன் நடத்துகிற சிஎஸ்50 அடிப்படைப் பாடத்தில் முதல் சில வாரங்களை முடித்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே முதல் வாரம் ஸ்க்ராட்ச், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டிப் பூனையை நடக்கவிடுவது. அதுவே ஒரு திருவிழா, அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்னொன்று, இதில் பயன்படுகிற லுவா மொழியும் லவ் என்ற மென்பொருளும் (ஆமாம், அன்பு என்றே பெயர்!) காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. நான் பாடத்தில் உள்ளதை விட்டுவிட்டுப் புதிய பதிப்பை இறக்கி வைத்திருந்தேன். பின்னணி நிறத்துக்கு 40, 45, 52 என்று வீடியோவில் பார்த்தபடி அடித்தேன். திரை முழுக்க வெள்ளை. வெள்ளைத் திரையில் வெள்ளை மட்டை, வெள்ளைப் பந்து! ரெண்டு ராத்திரி தேடினேன். பழைய பதிப்பில் நிறம் 0லிருந்து 255 வரை, புதியதில் 0லிருந்து 1 வரை. மூன்று எண்ணையும் 255ஆல் வகுத்தேன். திரை இருண்டது, உள்ளே என் மட்டைகள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றன. அந்த ரெண்டு ராத்திரியைக் குறை என்று எப்படிச் சொல்வேன்? இன்சுலேஷன் பார்க்கிற மெகர் மீட்டரை வைத்து ஷார்ட் எங்கே என்று கண்டுபிடித்த சந்தோஷம் அது!

முதல் பாடம் தேடுகிற என் வயதுக்காரர்களே, விளம்பரத்தில் முதலில் காட்டுகிற காட்டையும் கோட்டையையும் பார்க்காதீர்கள். முதல் வகுப்பு முடியும்போது உங்கள் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். சின்னதாக இருக்கட்டும், முழுசாக இருக்கட்டும், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆங்கில வேகம் பயமுறுத்தினால் கீழே எழுத்து ஓடுகிறதா பாருங்கள், வீடியோவை முக்கால் வேகத்தில் வையுங்கள், நான் அப்படித்தான் வைத்தேன். லுவா ஒட்டவில்லையென்றால் கோடோ என்ற விளையாட்டு செய்கிற மென்பொருள் இருக்கிறது. அர்ஜென்டினாக்காரர்கள் இரண்டு பேர் தொடங்கி 2014ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன் சொந்தக் கையேட்டிலேயே எதிரிகளிடம் சிக்காமல் தப்பிக்கிற ஒரு குட்டி விளையாட்டை முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள், அதுவும் இலவசம். வயதை நினைத்துத் தயங்கினால் ஜப்பானின் மசாகோ வாகமியாவை நினையுங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. 2017ல், 81 வயதில், பொம்மைகளைச் சரியான படியில் அடுக்கி வைக்கிற ஒரு ஐபோன் விளையாட்டை எழுதி வெளியிட்டார். நம் ஊர்க் கொலுப்படி மாதிரியே அவர்கள் ஊரிலும் படி கட்டிப் பொம்மை வைப்பார்கள், அதைத்தான் விளையாட்டாக்கினார்! அந்த அம்மாவை நினைத்தால் நான் பச்சைக் குழந்தை.

முதல் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? ஒரு மட்டையைக் கம்ப்யூட்டரே ஆடும்படி செய்ய வேண்டும். பந்து மேலே இருந்தால் மேலே போ, கீழே இருந்தால் கீழே போ. ரெண்டே ரெண்டு கேள்வி. எழுதி முடித்து, சத்தமும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடவிட்டேன். டொக், டொக் என்று பந்து போய் வருகிறது. வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த பட்டன் என்றாள். காட்டினேன். 0க்கு 10 என்று தோற்றாள். மறுபடியும் தோற்றாள். துணி தரையில் கிடந்தது.

"ஏனுங்க, என்ற மட்டை ரொம்பக் குட்டியா இருக்குது. கொஞ்சம் பெருசு பண்ண முடியுங்களா?"

கோடைத் திறந்தேன். மட்டையின் உயரம் 20 என்று இருந்தது. அவள் பக்கத்து மட்டைக்கு மட்டும் அதை அழித்து 30 என்று அடித்தேன். சேமித்து, திரும்ப ஓடவிட்டேன். மட்டை வளர்ந்து நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் தள்ளினாள்.

"ம், இப்பப் போடுங்க பந்தை."