பெயர், மதிப்பு, பின்னம்: தமிழர் அன்றாட வழக்கில் மரபளவைகளும் மெட்ரிக் அளவைகளும்

முன்னுரை

இந்தியாவில் எடை, அளவைத் தரச் சட்டம் 1956ஆம் ஆண்டு நிறைவேறியது. 1957 ஏப்ரலில் நாணயம் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962இல் கட்டாயமாயின. தமிழர் அளவைகள் குறித்த ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இவ்விடத்தில் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்கின்றன. மரபளவைகள் அன்றோடு மறைந்தன என்று இரங்கல் உரைப்பது ஒன்று. படி, மரக்கால், குழி, கழஞ்சு ஆகியவற்றை லிட்டராகவும் சதுர அடியாகவும் கிராமாகவும் மாற்றிப் பட்டியலிட்டு விலகிக்கொள்வது மற்றொன்று. இரண்டுமே அளவையை ஒற்றைப் பொருளாகக் கருதும் பிழையிலிருந்து தோன்றுகின்றன. ஓர் அளவையில் பெயர், மதிப்பு, பகுக்கும் முறை என மூன்று கூறுகள் உள. அவை ஒருங்கே பிறப்பதுமில்லை, ஒருங்கே மறைவதுமில்லை. அன்றாட வழக்கே இதற்குச் சான்று.

பவுனும் இறாத்தலும்

தமிழகத்தில் திருமணப் பேச்சு பவுன் கணக்கில்தான் நடைபெறுகிறது. நாளேடுகளும் தங்க விலையைக் கிராமுக்கும் சவரனுக்கும் சேர்த்தே வெளியிடுகின்றன. கட்டுரைகள் பவுனை மரபளவையாகவே வகைப்படுத்துகின்றன. ஆயின் அது பிரித்தானியப் பொன் நாணயம். 22 காரட், 7.988 கிராம் எடை. கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும் இருந்த இடத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின் நாணயம் அமர்ந்தது. இன்று அந்த நாணயமும் அளவுகோலாக இல்லை. கடைத்தராசில் பவுன் என்பது முழுமையாக 8 கிராம். நூறு பவுனுக்கு ஏறத்தாழ 1.2 கிராம் வேறுபாடு. எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அயற்பெயர் தமிழ்ப் பெயராகி, அதன் மதிப்பு மெட்ரிக் மதிப்பாகிவிட்டது.

இலங்கைத் தமிழரின் 'ஒரு இறாத்தல் பாண்' இதற்கு இணையானது. இறாத்தல் என்னும் சொல் பவுண்டு எடையைக் குறித்தது, அது 453.6 கிராம். ஒரு இறாத்தல் பாணுக்கு வரையறுக்கப்பட்ட எடையோ 450 கிராம். பெயர் நிலைத்தது, பொருள் மெட்ரிக்குக்கு இசைந்து வளைந்தது. இவ்விரண்டையும் 'மரபின் எச்சம்' என்று வகைப்படுத்துவதைவிட, மெட்ரிக் முறை மக்களிடம் நுழைவதற்கு எடுத்துக்கொண்ட வேடம் என்று கருதுவதே பொருந்தும்.

நிலத்தின் கணக்கு

நில அளவையில் சிக்கல் மேலும் ஆழமானது. சென்னையில் வீட்டுமனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுவர். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆங்கிலச் சொல்லாதலின் இதனை ஆங்கில அளவை என்று எழுதிவிடுவது எளிது. ஆயின் செங்கற்பட்டு வழக்கில் 24 மனை ஒரு காணி. ஒரு காணி 57,600 சதுர அடி. அதனை 24ஆல் வகுத்தால் 2400 வரும். கிரவுண்டு என்பது மனையின் மொழிபெயர்ப்பே. இங்கே தமிழ் மதிப்பு ஆங்கிலப் பெயரில் வாழ்கிறது. பவுனில் கண்டதற்கு நேர் எதிரானது. சென்ட்டோ பெயராலும் மதிப்பாலும் ஆங்கிலேயருடையது. ஏக்கரில் நூற்றில் ஒன்று, 435.6 சதுர அடி. அது பதின்மப் பகுப்பு என்பதும் நோக்கத்தக்கது. மெட்ரிக் சட்டத்துக்கு முன்பே நூறாகப் பகுத்து எண்ணும் பழக்கத்தை உழவர்க்குத் தந்தது சென்ட் எனலாம். எனவே 'மரபு' எதிர் 'மெட்ரிக்' என்ற இருமுனைப் பகுப்பு நிலத்தின்மேல் கால்வைத்தவுடனே சரிந்துவிடுகிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வுச் சுவையன்று. பட்டாவும் சிட்டாவும் ஹெக்டேர், ஏர் கணக்கில் உள்ளன. பழைய கிரயப் பத்திரங்கள் ஏக்கர், சென்ட் கணக்கில் உள்ளன. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஒரு ஏக்கர் 40.47 ஏர். இதனை 40.5 என்று முழுமையாக்கினால் இழப்பு சிறிது. ஆயின் சிறு துண்டு நிலத்தில் அரை ஏர் கூடினாலோ குறைந்தாலோ 538 சதுர அடி மாறுகிறது. அது கால் கிரவுண்டை நெருங்கும் பரப்பு. இரு ஆவணங்களையும் கையில் வைத்திருக்கும் சிறு நில உடைமையாளர் தம் நிலம் எவ்வளவு என்பதை அறிய இன்னொருவரை நாடவேண்டியுள்ளது. இரு மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பாளன் பெறும் அதிகாரம் இங்கே அளவை தெரிந்தவனுக்குக் கிட்டுகிறது. அளவைகள் குறித்த சமூகவியல் ஆய்வு தொடங்கவேண்டிய இடம் இது.

கால் கிலோவும் நூறு டிகிரியும்

கடையில் காய்கறி வாங்குவோர் 'கால் கிலோ', 'அரைக் கிலோ', 'முக்கால் கிலோ' என்றே கேட்கின்றனர். நூறு கிராம் என்று கேட்பதும் உண்டெனினும் முந்நூறு, நானூறு என்று கேட்போர் அரியர். பழைய முகத்தலளவை இரட்டித்துச் செல்வது: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பாதியாக்குவதற்குக் கண்ணே போதும். பத்தாகப் பகுப்பதற்குக் கருவி வேண்டும். அலகு மாறிய பின்னும் பாதியாக்கும் அறிவு மாறவில்லை. மரபளவை எங்கே வாழ்கிறது என வினவுவோர் படியையும் உழக்கையும் அருங்காட்சியகத்தில் தேடவேண்டியதில்லை. 'கால்' என்னும் சொல்லில் அது உள்ளது.

கோடையில் வெயில் 'சதம் அடித்தது' என்று நாளேடுகள் எழுதுவது பாரன்ஹீட் கணக்கு. வானிலை அறிக்கையின் செல்சியசில் அது 37.8 என்னும் சுவையற்ற எண். காய்ச்சலும் நூறைத் தாண்டினால்தான் வீட்டார் கலங்குகின்றனர். சதம் என்ற முழுமை தரும் அழுத்தம் இங்கே அலகைத் தேர்ந்தெடுக்கிறது, மரபுப்பற்று காரணமன்று.

மாற்றுப் பட்டியலின் குறை

இனி ஆய்வுலகின் வழக்கத்துக்கு வரலாம். பதிப்புகளின் பின்னிணைப்பிலும் ஆய்வேடுகளிலும் இடம்பெறும் 'ஒரு குழி இவ்வளவு சதுர அடி' என்ற வரி பெரும்பாலும் எந்த ஊருக்கு, எக்காலத்துக்கு என்ற குறிப்பின்றி நிற்கிறது. தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. செங்கற்பட்டில் 576 சதுர அடி ஒரு குழி; நூறு குழி ஒரு காணி. நான்கு மடங்கு வேறுபாடு. ஒன்றன் மதிப்பை மற்றொன்றன் ஆவணத்துக்குப் பொருத்தினால் விளைச்சல் வீதம் நான்கு மடங்கு பிறழும். அதன்மேல் எழுப்பப்படும் வளம், வறுமை, வரிச்சுமை பற்றிய முடிவுகள் யாவும் உடன் பிறழும்.

கல்வெட்டுகளை எழுதியோர் இதில் மிகு கவனத்தோடு இருந்தனர். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்ததைப் பெயர்சுட்டிப் பதிவுசெய்கின்றன. நெல்லுக்கு ஆடவல்லான் என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது. அது இராசகேசரியோடு ஒக்கும் என்ற விளக்கமும் உடன் தரப்படுகிறது. நில அளவுகளில் பதினாறு சாண் கோல் என்பது போன்ற குறிப்பு வருகிறது. மரக்கால் பல என்பதும், எந்த மரக்கால் என்று கூறாவிடில் வழக்கு எழும் என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தன. நூற்றாண்டுகள் கழித்து அக்கல்வெட்டை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் மரக்காலின் பெயரை நீக்கிவிட்டு லிட்டர் தருகிறார். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வேறு. துல்லியம் கூடியது போல் தோன்றும் அவ்விடத்தில்தான் சான்று குறைகிறது.

ஒரே படியாயினும் குவித்து அளந்தனரா, தலைதட்டி அளந்தனரா என்பதும் மதிப்பை மாற்றும். வாங்கும்போது குவிப்பதும் கொடுக்கும்போது தட்டுவதும் வலியோர்க்கு இயன்றன. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்னும் பழமொழியில் வரும் உழக்கை மில்லிலிட்டராக்கி அடிக்குறிப்பிடுவோர் உளர். களத்தில் எந்த உழக்கு, எவர் கையில் இருந்தது என்பதே அப்பழமொழி எழுப்பும் வினா.

இலக்கிய உரைகளிலும் இதே நிலை. புறநானூற்றின் 189ஆம் பாடலில் உலகாளும் வேந்தனுக்கும் வேட்டுவனுக்கும் உணவு நாழியே என்று கூறப்படுகிறது. அங்கே நாழி ஒரு வயிற்றின் அளவு. அதன் லிட்டர் மதிப்பைத் தேடும் உரையாசிரியர் பாடலின் வாதத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை; வேந்தனும் வேட்டுவனும் ஒரே கலத்துக்குள் அடங்கும் நிகரமைதியைக் கலைக்கவே செய்கிறார்.

மாற்று மதிப்புகள் வேண்டா என்பது இதன் பொருளன்று. ஒப்பீட்டாய்வு அவையின்றி நடவாது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஊர், காலம், அளவுகோலின் பெயர், அளந்த முறை, அளந்தவர், பெற்றவர் என்னும் குறிப்புகள் உடன் வரவேண்டும். கிடைக்காதவற்றை வெற்றிடமாகவே விடலாம். பட்டியல் அதனால் நீளும், அழகும் குன்றும். பூக்காரர் தம் கையால் அளந்து தரும் முழத்துக்கு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் இடமில்லை. எனினும் கை சிறிது என்று வாங்குபவர் குறைகூறுவதும், ஒரு விரற்கடை கூட்டி அறுத்துத் தருவதும் நாள்தோறும் நிகழ்கின்றன. 'ஒரு முழம் 45 செ.மீ.' என்று எழுதப்படும் வரியில் அப்பேரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவேண்டும்.