சேலையில் வந்த ஜாஸ்

உட்துறைமுக வீதியில் பொழுதுபட்ட பிறகு நடக்கும்போது, காதில் யோலண்ட் பாவனைப் போட்டுக்கொள்வேன். கொழும்புப் பெண். 1962இல், ஜாஸ் பாடும் மூவர் குழுவிலிருந்து ஆனி ராஸ் விலகிய இடத்தில், லம்பர்ட், ஹென்றிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஜாம்பவான்களோடு சேர்ந்தவர். மேடையில் சேலைதான்.

இவர்கள் பாட்டு கொன்னக்கோலுக்குப் பக்கத்து வீடு. அங்கே சொற்கட்டு, இங்கே சாக்ஸபோன் வாசித்த தனியாவர்த்தனத்துக்கு ஸ்வரம் தவறாமல் வார்த்தை. மூச்சு விடத்தான் இடமிராது. 1963 நியூபோர்ட் ஜாஸ் விழாப் பதிவில் கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோனும் உண்டு. அதற்கு மேலே, பாவனின் கூரான குரல். ஆனி ராஸ் அளவுக்கு எகத்தாளம் இல்லை. எனக்கு அதுவே பிடிக்கும்.

1964இல் குழு கலைந்தது. அவர் நடிக்கப் போனார். 1972இல் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் இசைத்தட்டில் மறுபடி அந்தக் குரல். படகு எஞ்சின் இரைந்தால், நின்று திரும்பப் போடுகிறேன்.