கடிக்குமா, கொஞ்சுமா?

லபுபு பொம்மையின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். முயல் காது, புசுபுசு உடம்பு, உருட்டு விழி எல்லாமே கைக்குழந்தைக்குக் கொடுக்கத் தோன்றுபவைதான். ஆனால் அந்த வாய்! ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை இளித்து, ஒன்பது கூர்ப்பற்களைக் காட்டுகிறது. வாயை விரலால் மறைத்தால் சாதாரண முயல் பொம்மை. விரலை எடுத்தால் எங்கோ விஷமம் செய்துவிட்டு வந்த குட்டிப் பிசாசு.

ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங், நார்டிக் நாட்டுப்புறக் கதைகளின் சாயலில் 2015இல் படக்கதைக்காக உருவாக்கிய பாத்திரம் இது. 2019இல் பாப் மார்ட் பொம்மை நிறுவனம் அவருடன் கைகோத்தது. 2024இல் பிளாக்பிங்க் இசைக்குழுப் பாடகி லிசா ஒரு லபுபுவைத் தன் பையில் தொங்கவிட்டதும் பித்து பிடித்துக்கொண்டது. 2025இல் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சம் யுவானைத் தாண்டியது. (எனக்கென்னவோ அது அபத்தம், இது சாவிக்கொத்தில் ஆட வேண்டிய ஜீவன்.) உள்ளே இருப்பது எந்த லபுபு என்று தெரியாமல் டப்பா வாங்கவைக்கும் வியாபாரமும் பிடிக்கவில்லை.

போலிகளை ‘லஃபுஃபு’ என்கிறார்கள். பல் கூடிக் குறைந்து, கண் கோணி, முகம் திரும்பியிருக்கும். பூதத்துக்கு அதெல்லாம் ஒரு குறையா? அலமாரியில் அவற்றை முன்வரிசையில் வைப்பேன்.