விலைக்கு வரும் தகுதி

'அறிவுடையோர் ஆளட்டும்!' என்பது கேட்பதற்கு இனிய முழக்கம். பிறப்பைக் காட்டிப் பெருமை பேசுவோரைக் கண்டு சலித்த நமக்கு, இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். "சற்றுப் பொறுங்கள்" என்று 1958ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார் ஓர் ஆங்கிலேயர். மைக்கேல் யங் என்பது அவர் பெயர். 'தகுதியாட்சியின் எழுச்சி' என்பது அவர் தீட்டிய நையாண்டி ஏடு.

2034ஆம் ஆண்டில் நின்று கதை சொல்கிறது அந்த ஏடு. அறிவளவும் முயற்சியும் சேர்ந்தால் தகுதி. தகுதி பெற்றவன் தலைவன், பெறாதவன் ஏவலன்! தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டம் புதியதொரு மேற்குலமாகிச் செருக்குறுகிறது. மக்கள் பொங்கி எழுகின்றனர். இம்முறையைப் புகழ்ந்து எழுதிய ஆய்வாளனும் அக்கலகத்திலே மாள்கிறான். குத்தலாகப் படைத்த சொல்லை அரசியலார் பாராட்டாக வழங்கக் கண்டு, 2001இல் யங்கே வருந்தி எழுதினார்.

ஏட்டைப் போற்றுகிறோம்; ஆயினும் ஒரு குறை கூறுவோம். யங் காட்டும் உலகிலே தராசு நாளுக்கு நாள் நேர்மையாகிறது. நிறுத்துப் பிரிப்பதுதான் அங்கே கொடுமை. மெய்யுலகிலோ தராசுத் தட்டிலேயே பணப்பை அமர்ந்திருக்கிறது! அந்தப் பணப்பைக்குப் பெயர் தனிப் பயிற்சி; மக்கள் மொழியில் டியூஷன்.

யங் பிறந்த இங்கிலாந்தின் 'லெவன் பிளஸ்' தேர்வையே பாருங்கள். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையடுத்துப் பரவிய தேர்வு அது. பத்து, பதினொரு வயதுப் பிஞ்சுகளைப் பிரித்து, சிலரைக் கிராமர் பள்ளிக்கும் பலரைப் பிற பள்ளிகளுக்கும் அனுப்பியது. 1965க்குப் பின் பெரும்பாலான வட்டாரங்கள் அதைக் கைவிட்டன. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் போன்றவை கைவிடவில்லை. இன்றும் அந்நாட்டில் 163 அரசு கிராமர் பள்ளிகள் உள்ளன. அங்கே நுழையக் கணக்கும் ஆங்கிலமும் மட்டுமா கேட்கிறார்கள்? சொற்புதிரும் வடிவப்புதிரும் கேட்கிறார்கள். அவை தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லாதவை. பள்ளி கற்பிக்காததைத் தேர்வு கேட்டால், கற்பிப்பவர் யார்? காசு பெற்றுக் கற்பிப்பவர்தாமே!

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2018இல் கணக்கெடுத்துக் காட்டினர். தனிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கிராமர் பள்ளியில் நுழைந்தனர். பெறாதவருள் 14 விழுக்காட்டினரே நுழைந்தனர். பயிற்சி பெற்றோர் யார்? வருவாயில் உச்சியிலுள்ள கால்பங்குக் குடும்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர். நடுவருவாய்க்குக் கீழுள்ள குடும்பங்களில் 10 விழுக்காட்டினர்கூட இல்லை. இடைவெளி முழுவதும் பயிற்சியின் விளைவே என்று நாம் சாதிக்கவில்லை. வசதியான வீட்டில் வேறு துணைகளும் உண்டு. ஆனால் அவையும் பணத்தின் துணைகள் அல்லவா?

பயிற்சியால் வெல்லமுடியாத தேர்வு என்று 2013இல் பக்கிங்ஹாம்ஷயர் புதுத் தேர்வொன்றைக் கொணர்ந்தது. பயிற்சிக் கடைகள் மூடப்பட்டனவா? இல்லை, புதுத் தேர்வுக்கெனப் புது நூல்கள் கடைக்கு வந்தன!

"எந்த ஆசிரியரிடம் விடுவது? குழுவாகவா, தனியாகவா? எந்த வயதில் தொடங்குவது?" என்று அங்குள்ள பெற்றோர் கேட்கின்றனர், கடல் கடந்து அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோரும் கேட்கின்றனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. வெள்ளத்தில் தன் பிள்ளையைத் தோளில் தூக்குவது குற்றமாகாது. தேர்ந்தெடுத்தே தீரவேண்டுமெனில், பழைய வினாத்தாளின் சூட்சுமத்தை மட்டும் ஊட்டுபவரை விடுத்து, நூல் படிக்கும் ஆர்வத்தையும் கணக்கின் காரணத்தையும் வளர்ப்பவரை நாடட்டும். தேர்வில் தோற்றாலும் அந்த அறிவு பிள்ளையிடம் நிற்கும். "தோற்றால் வாழ்வே போயிற்று" என்று குழந்தையை மிரட்டுபவரின் படியில் மட்டும் ஏறவேண்டாம்.

ஆனால், வெள்ளம் புகுந்த கரையைப் பற்றிப் பேசாமல் தோளின் வலிமையை மட்டும் பேசிக்கொண்டிருக்கலாமா? தேர்வு இருக்குமட்டும், அதற்கான பயிற்சியை ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் கட்டணமின்றித் தருவது அரசின் கடமை. அது இயலாதெனில், பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிக்கும் அத்தேர்வே ஒழியட்டும்.

தகுதி, திறமை என்னும் சொற்கள் நம் நாட்டிலும் நாளும் ஒலிப்பவை. அவற்றைக் கேட்கும்போதெல்லாம், இளைஞர்களே, வியந்து நிற்காதீர், வினவுங்கள். இந்தத் தகுதிக்குக் கற்பித்தவர் யார்? கட்டணம் செலுத்தியவர் யார்? செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை எங்கே?