பொதுச் சமையற்கூடம் சிறு விவசாயியைக் காப்பாற்றுமா?

தக்காளி விலை கிலோ ஐந்து ரூபாய்க்குக் கீழே இறங்கினால் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டுபடியாகாது. பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள், மாடு மேயும். அதே தக்காளி 2023 ஜூலையில் நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவது பொதுச் சமையற்கூடம். இயந்திரங்கள் ஊருக்குப் பொது. விவசாயியோ மகளிர் குழுவோ வாடகை கொடுத்து, விளைந்ததைத் தொக்காகவோ கூழாகவோ வற்றலாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

இதன் பலன்கள் உண்மையானவை. கூழ் எடுக்கும் இயந்திரம், உலர்த்தி, பாட்டில் மூடும் கருவி எல்லாவற்றையும் அரை ஏக்கர்க்காரர் தனியாக வாங்க முடியாது. அதைவிடப் பெரிய பலன் பாதுகாப்பு. தக்காளியின் புளிப்பு ரகத்துக்கு ரகம் மாறும். பாட்டிலில் அடைத்த உணவில் புளிப்பு குறைந்து, பிஎச் அளவு 4.6-க்கு மேல் போனால், பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைத்துவிடும். வீட்டு அடுப்படியில் நாக்குதான் அளவுகோல். முறையாக நடக்கும் கூடத்தில் கருவி வைத்து அளந்து, புளிப்பு போதாவிட்டால் சிட்ரிக் அமிலம் சேர்த்து, சூடு ஆறுமுன் நிரப்பி மூடுவார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்குவதும் இங்கே எளிது. சந்தையில் கழித்துக்கட்டும் சிறுத்த பழத்துக்கும் ஒரு விலை கிடைக்கும்.

ஆனால் விலை வீழ்ச்சிக்கு இதுவே மருந்து என்பதை ஏற்க முடியாது. தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். பத்துக் கிலோவைச் சுண்டவைத்தால் இரண்டு, மூன்று கிலோ தொக்குதான் தேறும். விலை விழுந்த நாளில் அந்தப் பத்துக் கிலோவின் மதிப்பு ஐம்பது ரூபாய். எண்ணெய், எரிபொருள், பாட்டில், கூலிச் செலவு அதைப் போலப் பல மடங்கு. ஆக, தொக்கில் வரும் லாபம் விளைவித்தவருக்கு அல்ல, கிளறி அடைத்து விற்றவருக்கே. வரத்தும் எல்லாத் தோட்டத்திலிருந்தும் ஒரே வாரத்தில் குவியும். அந்த வாரத்துக்கு ஏற்பக் கூடம் கட்டினால் மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். சாதாரண நாளுக்கு ஏற்பக் கட்டினால் வரத்துக் காலத்தில் பெரும்பகுதிப் பழத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

பதப்படுத்தும் வசதி பக்கத்தில் இருந்தாலே விலை கிடைத்துவிடாது என்பதற்குக் கிருஷ்ணகிரி சாட்சி. மாங்கூழ் ஆலைகள் நிறைந்த அந்த மாவட்டத்தில்தான் 2025 கோடையில் பெங்களூரா மாம்பழ விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். ஆலை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் விலை சொல்கிறார்.

2020-இல் மத்திய அரசு பத்தாயிரம் கோடி ரூபாயில் அறிவித்த உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் பொதுக் கட்டமைப்புக்கு 35 சதவீத மானியம் வைக்கப்பட்டது. மானியம் கட்டடத்தையும் இயந்திரத்தையும் தரும். அதை ஓட்டும் ஆள், மின்கட்டணம், பழுதுச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக வாங்கும் ஆள் — இவற்றை யார் தருவது? மகளிர் குழு அடைத்த ஐம்பது பாட்டில், பெரிய நிறுவனங்களின் சாஸ் நிற்கும் அலமாரியில் இடம் பிடிப்பது எளிதல்ல.

பிரேசில் இந்த முடிச்சை வாங்கும் முனையிலிருந்து அவிழ்த்தது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று 2009-இல் சட்டமே இயற்றியது. நம்மிடமும் சத்துணவு, காலை உணவு, மாணவர் விடுதி என நாள்தோறும் எரியும் அரசு அடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய தக்காளிக் கூழையும் புளியையும் மிளகாய்த்தூளையும் இந்தக் கூடங்களிலிருந்து வாங்கினால், கூடம் ஆண்டு முழுதும் ஓடும்.

பொதுச் சமையற்கூடம் வேண்டும். ஆனால் அது குவியும் தக்காளிக்கு வடிகாலாக அல்ல, பல விளைபொருள்களை நம்பி ஆண்டு முழுதும் நடக்கும் தொழிலாக, பயன்படுத்துவோரே உரிமையாளராக இருக்கும் கூட்டுறவாக அமைய வேண்டும். அடிக்கல் நாட்டுமுன் அரசு கொள்முதல் ஆணையில் கையெழுத்திடட்டும்.