நிமிராத முகம்

பாரிஸுக்கு அருகே, சேன் ஆற்றங்கரையிலுள்ள ஆர்ஜாந்தேய் என்ற ஊரில், தம் வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்திருந்த பெண்ணைக் குளோத் மோனே 1872-ஆம் ஆண்டு தீட்டினார். ‘வசந்தகாலம்’ என வழங்கும் அப்படம் இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர்ஸ் கலைக்கூடத்தில் உள்ளது. சிறிய படம், 50 செ.மீ. உயரம், 65 செ.மீ. அளவே அகலம். லைலாக் மரநிழலில், புல்தரையில், ஒருவர் புத்தகம் வாசிக்கிறார். வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை.

நாம் நின்று நோக்க வேண்டியது அவருடைய விரிந்த பாவாடையை. இலைகளினூடே விழுந்த வெயிலை மோனே தனித்தனித் தீற்றல்களாக, ஒன்றோடொன்று குழைக்காமல் வைத்திருக்கிறார். அருகே சென்றால் சாயத் திட்டுகள். சற்றுப் பின்வாங்கினால் வெயில். (மலிவான அச்சுப் படிகளில் இந்த நுட்பம் மறைந்து, துணி வெளுத்துப் போய்விடுகிறது.)

வாசிப்பவர் மோனேயின் மனைவி கமீய். ஆனால் 1876-இல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கண்காட்சியில் இப்படத்துக்கு இடப்பட்ட பெயர் ‘வாசிக்கும் பெண்’ என்பதே. பெயரும் இல்லை, உறவும் இல்லை. மனித முகத்தையும் ஒளி விழும் ஓர் இடமாக மட்டுமே கருதும் கலையை நாம் ஏற்கலாகுமா? 1879-இல் கமீய் தமது 32-ஆம் வயதில் இறந்தபோதும் மோனே அம்முகத்தைத் தீட்டினார். இறந்தவரின் முகத்தில் மாறிவந்த நிறங்களைத் தம் கண் தானாகவே ஆராயத் தொடங்கியதைப் பின்னாளில் நண்பர் கிளெமான்சோவிடம் கலக்கத்தோடு கூறினார். ஆக, இந்த ஐயம் ஓவியரையும் வருத்தியிருக்கிறது.

ஆயினும் இப்படத்தில் கமீய் வெறும் நிறமாகிவிடவில்லை என்பதே நம் கருத்து. காரணம், அந்தப் புத்தகம். மேலைநாட்டுச் சமய ஓவியங்கள் பலவற்றில், அன்னை மரியா வாசித்துக்கொண்டிருக்கையில்தான் வானதூதர் வருகிறார். சிமோனே மார்த்தினி 1333-இல் தீட்டிய மங்கள வார்த்தைப் படத்தில், அன்னை கட்டைவிரலைப் புத்தகத்துள் வைத்தபடியே அஞ்சி ஒடுங்குகிறார். வாசிப்பு அங்கே தடைபடுகிறது. ஆர்ஜாந்தேய் தோட்டத்தில் எவரும் குறுக்கிடவில்லை. எதிரே கணவர் தூரிகையோடு நிற்கிறார். அவருக்காகவும் கமீய் நிமிரவில்லை. புத்தகத்தின் ஓர் எழுத்துகூட நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆடையையும் கையையும் முகத்தையும் நமக்குக் காட்டிய மோனே, அவர் எதை வாசித்தார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்.