மானியம் இல்லாத மேடையின் காகிதங்கள்

1935 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஃபெடரல் தியேட்டர் புராஜெக்டைத் தொடங்கியது. பெருமந்தத்தில் பிழைப்பு இழந்த நாடகக்காரர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்தது. அதே ஆண்டு இங்கே தமிழகத்தில் நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘மேனகா’ நாடகத்தோடு சினிமாவுக்குள் நுழைந்தார்கள். நெல் விலை விழுந்து கிராமத்தில் காசுப் புழக்கம் வற்றிய காலம் அது. நாடகக் கம்பெனிகளுக்கு அரசிடமிருந்து மானியம் வரவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் மட்டும் தலைக்கு மேல் நின்றது.

இந்த வேறுபாடு விளம்பரக் காகிதத்திலேயே தெரிகிறது. அமெரிக்கச் சுவரொட்டிகளை அரசுச் சம்பளம் பெற்ற ஓவியர்கள் வரைந்தார்கள். ஆன்டனி வெலோனிஸ் அங்கே புகுத்திய சில்க் ஸ்கிரீன் முறையால் இரண்டு மூன்று வண்ணங்களில் மலிவாக அச்சிட முடிந்தது. அந்தத் திட்டத்தின் கீழ் சின்க்ளேர் லூயிஸின் ‘இட் கான்ட் ஹேப்பன் ஹியர்’ நாடகம் 1936 அக்டோபர் 27 அன்று பல நகரங்களில் ஒரே இரவில் அரங்கேறியது. அதன் டெட்ராய்ட் சுவரொட்டியில் அமெரிக்க வரைபடத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஹிட்லர் உருவம் நிற்கும். சொற்கள் மிகக் குறைவு. நடிகர் பெயர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

நம் நாடக நோட்டீஸ் வேறு ரகம். மெல்லிய கலர்த் தாள், ஈய எழுத்து, இண்டு இடுக்கில்லாத அச்சு. மேலே கடவுள் துணை. அடுத்து கம்பெனி பெயர், கொட்டகை, நேரம். பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் யார் யார் என்று பட்டங்களோடு ஒரு அணிவகுப்பு. கீழே நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண வரிசை. இதில் வடிவமைப்பு இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாளில் வெற்றிடம் விடுவதற்கும் காசு வேண்டும். அன்றைய வசூலில் அன்றைய உலை கொதிக்க வேண்டிய கம்பெனி, ஒரே தாளில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். வள்ளி திருமணத்தின் கதை ஊருக்கே தெரியும். இன்றைக்கு முருகன் யார், வள்ளி யார் என்பதுதான் கேள்வி. அதனால்தான் நடிகர் பெயருக்கு அவ்வளவு பெரிய எழுத்து.

தமிழ் நாடக ஆய்வில் வழி போட்டவர்கள் உண்டு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆங்கில நூல் கம்பெனி நாடகத்தின் தேசிய அரசியலை எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தும் ஸ்பெஷல் நாடகம் பற்றி சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நோட்டீஸில் பெயர்களும் படங்களும் அடுக்கப்படும் விதத்தையே கலைஞர்களின் படிநிலையாக வாசித்தது. மூலத் தாள்களைத் தேடுவோருக்கு, சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்ததன் அருமை இப்போதுதான் புரிகிறது.

சென்னையை ஒட்டிய எங்கள் தாம்பரம் மாநகராட்சிக்குள்தான் பம்மலும் வருகிறது. அந்த ஊரைப் பெயரில் சுமந்த நாடகாசிரியர் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்; நாடக மேடை நினைவுகளையும் பல பாகங்களாக எழுதி வைத்தார். படித்த சபைக்காரர்களுக்கு அப்படி ஒரு பதிவு வாய்த்தது. ஊர் ஊராக அலைந்த கம்பெனி நடிகர் பலருக்கோ அந்த நோட்டீஸ் ஒன்றுதான் சாட்சி.

அரசு அச்சிட்டதும் எளிதில் தப்பவில்லை. 1939 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. நாடகத் திட்டத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 1974இல் ஒரு பழைய விமானக் கொட்டகையில்தான் கண்டெடுக்கப்பட்டது. இங்கே அப்படிக் கண்டெடுக்க ஒரு கொட்டகைகூட இல்லை. பெரும்பாலான நோட்டீஸ் பொட்டலம் மடிக்கப் போயிற்று.

எஞ்சியவற்றில் நான் முதலில் பார்ப்பது அடிவரியை. அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அரசு கண்காணிப்புக்காக வைத்த அந்த வரி இன்று நமக்குத் துப்பு. 1931 அக்டோபர் 31இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானதற்கு முன்னும் பின்னும் வந்த நோட்டீஸ்களை அச்சக ஊர்வாரியாக அடுக்கினால், எந்தக் கம்பெனி எந்தத் தடத்தில் போனது, கட்டணம் எங்கே இறங்கியது, எந்த நடிகர் பெயர் எந்த ஊருக்குப் பிறகு நின்றுபோனது என்று பின்தொடர முடியும். அந்த அட்டவணையிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.